உயிரும் உணவும் – 17: பாலுக்குப் பின்னால் நின்ற கன்று

1931 நவம்பர் 20 அன்று லண்டன் சைவ உணவுச் சங்கம் கூட்டிய கூட்டத்தில், எண்பது வயது ஹென்றி சால்ட்டின் பக்கத்தில் காந்தி அமர்ந்திருந்ததோடு சென்ற பகுதியை நிறுத்தினோம். மாணவராக லண்டன் வந்த காலத்தில் ஃபாரிங்டன் தெரு உணவு விடுதியில் வாங்கிப் படித்த சால்ட்டின் சிறுநூல், காந்தியை மனமறிந்த சைவராக்கியது. ஆனால் சைவத்தோடு அவர் மனம் அமைதி அடையவில்லை. பாலை விட முடியாமல் போனதைத் தன் வாழ்வின் பெரிய துயரங்களில் ஒன்றாகவே அவர் எண்ணிவந்தார்.

கல்கத்தாவின் கறவை மாடுகளையும் எருமைகளையும் அவற்றை வைத்திருப்பவர்கள் படுத்தும் பாட்டைப் பற்றி அவருக்குப் படிக்கக் கிடைத்த பிரசுரங்களிலிருந்து இது தொடங்குகிறது. மாட்டின் பிறப்புறுப்பில் குழாய் வைத்துக் காற்றை ஊதி, மடியில் ஒட்டியிருக்கும் பாலையும் இறக்கும் 'பூக்கா' என்ற வழக்கம் அங்கே இருந்தது. படித்த பிறகு பாலின் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்துவிட்டது. 1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். 1918-ல் வயிற்றுக்கடுப்பு கண்டு சாவின் விளிம்புக்குப் போனபோது, ஆட்டுப்பாலுக்கு அந்த விரதம் பொருந்தாதே என்று கஸ்தூர்பா சொன்ன சொல்லுக்கு இணங்கினார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றினேன், உயிரைக் காப்பாற்றவில்லை என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

ஊதிப் பால் இறக்கும் அவசியம் ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். மாடு கன்றுக்குத்தான் பால் சுரக்கிறது. கன்று முட்டினால் மடி இளகும், பால் இறங்கும். நெருக்கடியான நகரத்துக் கொட்டிலில் கன்றுக்கு இடமும் இல்லை, அதற்கு விடும் பால் கொட்டில்காரருக்கு நட்டம். எனவே கன்று போய்விடும். கன்று போன பின்பும் பால் இறங்க வேண்டும் என்றால் ஏதாவது செய்தாக வேண்டும். நம் கிராமங்களில் இதற்குத் தோல்கன்று இருந்தது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்துவார்கள். அது அதை நக்கிக்கொண்டே நிற்கும். பால் இறங்கும். இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கல்கத்தாவின் ஊதுகுழலும் நம் ஊர்த் தோல்கன்றும் வேறுவேறு அளவுக் கொடுமைகள்தான். ஆனால் இரண்டும் நிரப்ப முயன்றது ஒரே காலியிடத்தை.

அந்தக் காலியிடத்தைச் சுற்றி இங்கிலாந்தில் ஒரு தச்சு வாத்தியாரும் ஒரு குவேக்கர் பெண்ணும் இருபது ஆண்டு இடைவெளியில் எழுப்பிய கேள்விகள்தான் இந்தப் பகுதி.

*

டொனால்ட் வாட்சன் 1910-ல் யார்க்‌ஷர் பகுதியின் மெக்ஸ்பரோ என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் பிறந்தவர். சிறுவயதில் விடுமுறைக்கு மாமாவின் பண்ணைக்குப் போவார். குதிரை உழுதது, பசு பால் தந்தது, கோழி முட்டையிட்டது, நாய் காவல் காத்தது. பன்றி மட்டும் எதுவும் தராமல் ஏன் இருக்கிறது என்பது சிறுவனுக்குப் புரியவில்லை. பன்றியைக் கொன்ற நாளில் புரிந்தது. அதன் அலறல் அவருக்குத் தொண்ணூறு வயதிலும் மறக்கவில்லை. அதைவிட அவரைக் கலக்கியது, அன்பானவர் என்று நம்பியிருந்த மாமாவே அதை உடனிருந்து நடத்தியதுதான். பதினான்காம் வயதில், புத்தாண்டு உறுதிமொழியாக இறைச்சியை விட்டார். பின்னாளில் லெஸ்டர் நகரில் மரவேலை ஆசிரியரானார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர்.

இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் 1847-லேயே தொடங்கிவிட்டது. பாலும் முட்டையும் சைவமா என்ற சண்டை அதற்குள் ஏறக்குறைய 1909 முதல் இதழ்களின் கடிதப் பக்கங்களில் விட்டுவிட்டு நடந்தது. 1944-ல் வாட்சன், எல்ஸி ஷ்ரிக்லி போன்ற சிலர், பாலும் முட்டையும் உண்ணாத உறுப்பினர்களுக்காகச் சங்கத்தின் இதழில் கொஞ்சம் இடம் ஒதுக்கும்படி கேட்டார்கள். சங்கம் பரிவோடு மறுத்துவிட்டது. அந்த நவம்பரில் லண்டனில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடித் தனிச் சங்கம் கண்டார்கள். வீகன் சங்கம் அப்படித்தான் பிறந்தது. தமிழில் இன்று நனிசைவம் என்று வழங்குகிறோமே, அந்தக் கொள்கைக்கு முதல் அமைப்பு அது. ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகள் லண்டன் மேல் விழுந்துகொண்டிருந்த மாதம் அது. மனிதர்களைக் காப்பாற்றவே வழியில்லாத நேரத்தில் மாட்டுக்குப் பரிந்து பேசக் கூடினார்களே என்று அப்போதும் கேட்டிருப்பார்கள், இப்போதும் கேட்பார்கள். போரை மறுத்தவரும் பாலை மறுத்தவரும் ஒரே ஆள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

போர்க்காலப் பங்கீட்டில் சைவர்கள் தங்கள் இறைச்சிக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்தால் பாலாடைக்கட்டியும் முட்டையும் கூடுதலாகக் கிடைத்தன. வாட்சன் குழு அந்தக் கூடுதல் பங்கையும் வேண்டாம் என்றது. காய்கறி, கிழங்கு, பருப்பு, ரொட்டி என்று போர்க்காலத்துச் சோற்றிலும் இன்னும் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். வாட்சன் தானே தட்டச்சு செய்து இரண்டு பென்னி விலையில் வெளியிட்ட செய்தித்தாளில் முன்வைத்த வாதம் எளிமையானது. பசு ஆண்டுதோறும் கன்று போட்டால்தான் பால். பிறப்பதில் பாதி காளைக்கன்று. காளைக்கன்றுக்குப் பால் பண்ணையில் வேலை இல்லை, அது கசாப்புக்குப் போகிறது. மடி வற்றியதும் பசுவும் அங்கேயே போகிறது. பாலும் இறைச்சியும் இரண்டு தொழில்கள் என்று சைவர்கள் நம்புகிறார்கள், உண்மையில் ஒரே தொழிலின் இரண்டு வாசல்கள் அவை.

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று நான் பலமுறை தேடியிருக்கிறேன். பசுவைத் தாயாக மதிக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் தேடத்தான் செய்வார்கள். வயதான மாட்டைச் சாகும்வரை வைத்துத் தீனி போட்ட குடும்பங்கள் இருந்தன, அவர்களை வணங்கலாம். ஆனால் தெருவுக்குத் தெரு பாக்கெட் பால் வரும் ஒரு நாட்டின் கணக்கு அந்தக் குடும்பங்களை வைத்து ஓடவில்லை. உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடான இந்தியா, எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்கிறது. இரண்டு செய்திகளையும் நாம் தனித்தனிப் பக்கங்களில் படித்துப் பழகிவிட்டோம்.

தொடக்க கால நனிசைவர்களுக்கு உடல்நலத் தொல்லைகளும் வந்தன. அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. பாக்டீரியாக்கள் மட்டுமே உருவாக்கும் ஒரு சத்து செடிகொடிகளில் கிடைப்பதில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுத்ததே 1948-ல்தான். அதுவரை அவர்கள் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் உடம்பிலேயே சோதனை செய்தார்கள். இன்று பாக்டீரியாவை நொதிக்கவிட்டு அந்த வைட்டமினைத் தயாரிக்கிறார்கள், நனிசைவர்கள் அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவிலோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த முன்னோடிகளில் லெஸ்லி கிராஸ் என்பவரை எனக்குத் தனியாகப் பிடிக்கும். விலங்கைச் சுரண்டாமல் மனிதன் வாழ வேண்டும் என்பதே சங்கத்தின் கொள்கை என்று 1951-ல் தெளிவாக வரையறுக்க வைத்தவர் அவர். வரையறையோடு நிற்கவில்லை. மக்கள் பாலை விட வேண்டும் என்றால் டீயில் ஊற்ற வேறு ஏதாவது இருக்க வேண்டும் என்று, செடியிலிருந்து பால் எடுக்க 1956-ல் ஒரு சங்கம் தொடங்கினார். 1965-ல் அதன் சோயா பால் கடைக்கு வந்தது.

*

ரூத் ஹாரிசன் 1920-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ஸ்டீபன் வின்ஸ்டன் எழுத்தாளர், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர். அம்மா ஓவியர். அயட் செயின்ட் லாரன்ஸ் கிராமத்தில் பெர்னார்ட் ஷா அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பிறந்ததிலிருந்து சைவம். குவேக்கர் சமயத்தவரின் மருத்துவ உதவிப் படையில் போர்க்காலத்தில் பணியாற்றியவர்.

1960-களின் தொடக்கத்தில் அவர் வீட்டுக் கதவிடுக்கு வழியே ஒரு துண்டறிக்கை விழுந்தது. இளங்கன்று இறைச்சிக்காகக் கன்றுகளை வளர்க்கும் விதத்தைக் கண்டித்து விலங்குவதை எதிர்ப்பு இயக்கம் ஒன்று அச்சிட்டது. அவருக்கு முதலில் வந்த எண்ணம், நான்தான் இறைச்சியே சாப்பிடுவதில்லையே, இதில் எனக்கென்ன இருக்கிறது என்பது. கொஞ்ச நேரத்தில் அந்த எண்ணமே அவரைக் குத்தியது. சாப்பிடாமல் இருப்பது, நடப்பதைத் தடுத்துவிடவில்லை. சும்மா இருந்தால் நடக்கட்டும் என்று விட்டுவிட்டதாகத்தானே பொருள்?

கன்றுகளை வளர்த்த விதம் இதுதான். பிறந்து சில நாட்களில் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட முடியாத குறுகலான மரக்கூண்டில் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பெரும்பாலும் இருட்டு. சதை வெளுப்பாக இருந்தால்தான் விலை என்பதால் இரும்புச்சத்துக் குறைந்த பால்மாவுக் கரைசலை மட்டும் கொடுத்தார்கள். புல் இல்லை, வைக்கோல் இல்லை. அசை போட வேண்டிய வயிற்றுக்கு அசை போட எதுவும் இல்லை. இரும்புச்சத்துக்கு ஏங்கிய கன்றுகள் ஆணியையும் கம்பியையும் நக்கும். மூன்று நான்கு மாதத்தில் வெட்டு.

இந்தக் கன்றுகள் எங்கிருந்து வந்தன? இறைச்சிக்கென்றே வளர்த்த மந்தையிலிருந்து அல்ல. பால் பண்ணைகளிலிருந்து. வாட்சன் 1944-ல் சொன்ன அதே காளைக்கன்று, உடனே கசாப்புக்குப் போவதற்குப் பதிலாகப் பதினைந்து வாரம் கூண்டில் நின்று போனது, அவ்வளவுதான். சைவரான ரூத் ஹாரிசனின் வீட்டில் விழுந்த துண்டறிக்கை சரியான முகவரிக்குத்தான் வந்திருந்தது.

அடுத்த சில ஆண்டுகள் அவர் பண்ணை பண்ணையாகப் போனார். பிராய்லர் கொட்டகை, முட்டைக்கோழிக் கூண்டு, பன்றித் தொழுவம், வெட்டுக்கூடம். பண்ணைத் தொழில் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகப் படித்தார். விலங்குகளைப் படுத்தும் பாட்டை ஒளிக்க அந்தப் பத்திரிகைகளுக்குக் காரணமே இருக்கவில்லை, எல்லாம் லாபக் குறிப்புகளாக அச்சாகியிருந்தன. கையெழுத்துப் படியை அமெரிக்காவில் ரேச்சல் கார்சனுக்கு அனுப்பினார். பூச்சிமருந்துகளைப் பற்றி 1962-ல் 'மௌன வசந்தம்' எழுதி உலகை உலுக்கிய கார்சன், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். முன்னுரை எழுதிக் கொடுத்தார். 1964 மார்ச்சில் 'விலங்கு இயந்திரங்கள்' வெளிவந்தது, லண்டன் அப்சர்வர் ஞாயிறு இதழ் அதன் பகுதிகளை வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று கார்சன் இறந்தார்.

புத்தகம் காட்டிய உலகம் ஆங்கிலேய வாசகர்களுக்கே புதிது. அவர்கள் மனதில் பண்ணை என்றால் பச்சைப் புல்வெளியும் மேயும் கோழியும்தான். உள்ளே இருபது ஆண்டில் எல்லாம் மாறிவிட்டிருந்தது. 1920-களில் வைட்டமின் டி கண்டறியப்பட்டதும் வெயில் படாமலே கோழி வளர்க்க முடிந்தது. 1950 வாக்கில், தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் வளர்ச்சி கூடும் என்று தெரிந்தது. நெருக்கி அடைத்தாலும் கூட்டமாகச் சாகாமல் காக்கவும் அது உதவியது. பசியை நேரில் கண்டிருந்த போருக்குப் பிந்தைய அரசு, உற்பத்தியைப் பெருக்கியவர்களுக்கு மானியம் கொடுத்தது. எந்தக் கொடியவனும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்ததல்ல இது. ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. எல்லாப் படிகளும் சேர்ந்து போய் முடிந்த இடம்தான் அந்தக் கூண்டு.

*

பொதுமக்களின் கடிதங்கள் வேளாண் அமைச்சகத்தில் குவிந்தன. சில மாதங்களுக்குள் அரசு ஒரு குழுவை அமைத்தது. பாங்கர் பல்கலைக்கழகக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் ரோஜர்ஸ் பிராம்பெல் தலைவர். கேம்பிரிட்ஜின் விலங்கு நடத்தை அறிஞர் டபிள்யூ. எச். தோர்ப் உறுப்பினர்களில் ஒருவர், அவரும் குவேக்கர். 1965 டிசம்பரில் அறிக்கை வந்தது.

பண்ணையாளர்களின் தலையாய வாதம், கோழி துன்பப்பட்டால் முட்டையிடுமா என்பது. இன்றும் நாமக்கல் பக்கம் போனால் இதே சொற்களில் இதைக் கேட்கலாம். பிராம்பெல் குழு அதை ஏற்கவில்லை. உற்பத்தி நன்றாக இருப்பது மட்டும் நலத்துக்குச் சான்றாகாது, உடம்போடு சேர்த்து மனத்தையும் பார்க்க வேண்டும் என்றது. இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மூன்று கோழி இருக்கும் கூண்டில் நான்காவதை நுழைத்தால் ஒவ்வொன்றும் இடும் முட்டை கொஞ்சம் குறையலாம், சாவும் கொஞ்சம் கூடலாம். ஆனால் கொட்டகைக்கு மொத்த முட்டை கூடும். முதல் போட்டது கொட்டகைக்கும் கூண்டுக்கும். கோழியின் விலை சொற்பம். ஆகவே ஒவ்வொரு கோழியும் மெலிந்துகொண்டே போகும்போது பண்ணை செழித்துக்கொண்டே போக முடியும்.

முட்டையிடுவதும் கோழியின் மனநிறைவைப் பொறுத்து நடப்பதல்ல. காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அடைக்கு வேண்டிய முட்டைகளை இட்டு நிறுத்திக்கொள்ளும். தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்த இன்றைய லேயர் கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் இடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தீவனம் ஈடுசெய்யாதபோது எலும்பிலிருந்து எடுக்கிறது. கால் நடுங்கி எழ முடியாமல் கிடக்கும்போதும் அந்த உடம்பு முட்டையை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கும்.

குழு குறைந்தபட்சம் வேண்டும் என்றவை ஐந்து அசைவுகள்: சிரமமின்றித் திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, எழ, படுக்க, கைகால் நீட்ட. ஒரு நாகரிக நாடு ஒரு விலங்குக்குத் தரும் வாக்குறுதி இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தக் கொட்டகைகளில் அதுகூட இல்லை என்பதால்தான் அதை எழுத வேண்டி வந்தது. 1968-ல் வந்த சட்டம் பண்ணை விலங்குக்குத் தேவையற்ற வலியும் துயரமும் தருவதைக் குற்றமாக்கியது. கூண்டின் அளவு முதலானவை கட்டாயமில்லாத வழிகாட்டுதல்களாக நின்றுவிட்டன. அரசின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினரான ரூத் ஹாரிசன் அதற்குள்ளிருந்தே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

குழு தவறிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும், அதிலிருந்து ஒரு புதிய அறிவியலே பிறந்தது. கூண்டின் தரையில் இருந்த மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழிக் காலுக்கு வதை என்று கருதி, தடித்த கம்பி போடச் சொன்னது குழு. 1973-ல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளையே கேட்டுப் பார்த்தார்கள். பலவகைத் தரைகளை வைத்து எதில் போய் நிற்கின்றன என்று கவனித்தார்கள். கோழிகள் மெல்லிய வலையையே தேர்ந்தன, அதில் காலுக்குப் பல இடத்தில் தாங்கல் கிடைக்கிறது. நல்லெண்ணம் உள்ளவர்களும் விலங்கின் இடத்திலிருந்து ஊகித்தால் தவறலாம் என்பது தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் மேரியன் டாக்கின்ஸ் கூண்டையும் திறந்த வெளியையும் கோழிகள் முன் வைத்தார். கூண்டிலேயே வளர்ந்தவை முதலில் கூண்டுக்குள் போயின. பழகியதை நாடின. வெளியை அறிந்த பிறகு வெளியைத் தேர்ந்தன. பின்வந்த சோதனைகளில், முட்டையிடும் நேரம் நெருங்கியதும் ஒதுக்குப்புறமான கூட்டை அடையக் கோழி கனமான கதவைத் தள்ளித் தள்ளிப் போராடியது. பசித்த கோழி தீனிக்காகப் போராடும் அளவுக்கு. கம்பித் தரையில் ஒவ்வொரு முட்டையிடும் நாளும் அந்தத் தவிப்பு அப்படியே அடங்கிப்போகிறது.

*

1970-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலிய மாணவர், ரிச்சர்ட் கெஷன் என்ற சக மாணவரோடு மதிய உணவுக்குப் போனார். குழம்பில் இறைச்சி இருக்கிறதா என்று கெஷன் விசாரித்து, இருக்கிறது என்றதும் வேறு எடுத்துக்கொண்டார். ஏன் என்று சிங்கர் கேட்டார். அந்த ஒரு கேள்வி அவரை ஹாரிசனின் புத்தகத்துக்கும், அங்கிருந்து 1975-ல் அவரே எழுதிய 'விலங்கு விடுதலை'க்கும் கொண்டுபோனது.

சிங்கர் தன்னை விலங்குப் பிரியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. நாயும் பூனையும் வளர்க்கவில்லை. அவர் நிற்கும் தளம் வேறு. வலி வலிதான், அது யாருடைய உடம்பில் இருந்தாலும் அதே எடை. அறிவு குறைவு என்பதால் ஒரு குழந்தையின் வலியை நாம் தள்ளுபடி செய்வதில்லை. அப்படியிருக்க இனம் வேறு என்பதற்காக மட்டும் கன்றின் வலியைத் தள்ளுபடி செய்ய என்ன நியாயம்? நிறத்தையும் பாலினத்தையும் வைத்துத் தள்ளியவர்கள் சொன்ன காரணங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? 1983-ல் டாம் ரீகன் இன்னும் ஒரு படி போனார். தனக்கென ஒரு வாழ்வை வாழும் எந்த உயிரும் வேறொருவரின் கருவியாக இருக்கப் பிறந்ததல்ல, வலிக்காமல் கொன்றாலும் கொலைதான் என்றார்.

அன்று முதல் இரண்டு முகாம்கள். கூண்டைப் பெரிதாக்குவோம் என்பவர்கள் ஒருபுறம், கூண்டே கூடாது என்பவர்கள் மறுபுறம். ஒருவர் மேல் ஒருவர் கோபம் இன்றும் தீரவில்லை. எனக்கு இரண்டு பேரும் வேண்டும். இன்று இரவு கம்பிமேல் நிற்கும் கோழிக்குக் கொள்கை விவாதம் உதவாது, இரண்டு அங்குல இடம் உதவும். 1999-ல் ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கூண்டுகளைத் தடைசெய்யும் ஆணை இட்டது, 2012 ஜனவரி 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோழி ஒன்றுக்குச் சட்டம் கேட்ட இடம் 550 சதுர சென்டிமீட்டர், ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. ஆணை பிறந்த மறு ஆண்டு, 2000 ஜூனில் ரூத் ஹாரிசன் காலமானார். முப்பத்தாறு ஆண்டு உழைப்பின் அறுவடையை அவர் தாளில் மட்டுமே பார்த்தார்.

ஆனால் அளவுகோலை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத ஓர் இடம் உண்டு. முட்டைக்கோழி இனத்தில் பொரியும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, பிராய்லர் போலக் கறியும் வைக்காது. பொரித்த அன்றே அதைக் கொல்கிறார்கள். கூண்டு முட்டைக்கும் இதே விதிதான், திறந்தவெளியில் மேய்ந்த கோழியின் முட்டைக்கும் பொதுவாக இதேதான். ஜெர்மனி 2022-ல் சட்டம் போட்டு நிறுத்தியது, முட்டைக்குள்ளேயே சேவலா கோழியா என்று கண்டறியும் கருவிகள் வந்த பிறகு. மற்ற பெரும்பாலான நாடுகளில் தொடர்கிறது. சேவல் குஞ்சும் காளைக்கன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இறைச்சி உண்ணாதவர்களின் தட்டுக்காகவும் இறப்பவை இவை. நலச் சட்டத்தால் இவற்றுக்கு விடை தர முடியாது, வாட்சனின் மறுப்பில்தான் விடை இருக்கிறது என்பதே என் முடிவு.

இதைச் சொல்லும்போது சத்துணவுக் கூடத்தில் முட்டைக்காகக் காத்திருக்கும் பிள்ளையை மறந்துவிட்டு நான் எழுதவில்லை. அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்லும் தகுதி, தட்டு நிறையத் தெரிவு உள்ள எவருக்கும் இல்லை. வீகன் சங்கம் 1979-ல் திருத்தி எழுதிய வரையறையிலும் 'இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை' என்ற வரம்பு இருக்கிறது. யாருக்கு இயலும் என்பதே கேள்வி. மூன்று வகைப் பருப்பும் எண்ணெயும் பழமும் வாங்க வசதியுள்ள என் போன்றவர்களுக்கு இயலும். பாரம் முதலில் எங்கள் மேல்தான்.

*

பிராம்பெலின் ஐந்து அசைவுகளை 1979-ல் பிரிட்டனின் பண்ணை விலங்கு நலக் கழகம் ஐந்து சுதந்திரங்களாக விரித்தது: பசி தாகத்திலிருந்து, அசௌகரியத்திலிருந்து, வலி காயம் நோயிலிருந்து, பயம் துயரத்திலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்குச் சுதந்திரம். 2014 மே 7 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் இந்த ஐந்தையும் நம் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு சேர்த்து வாசித்தது. அதன்பின் 2017-ல் மெரினாவில் நடந்ததும், தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். கன்றுக்காகவும் கோழிக்காகவும் எழுதப்பட்ட ஐந்து சுதந்திரங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது வாடிவாசல் வழியாக. காளைக்கு அது பொருந்துமா என்று மாநிலமே விவாதித்தது. கோழிக்குப் பொருந்துமா என்று அன்று எந்தத் தரப்பும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் சட்டத்திலேயே இருந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நியாயமான அசைவுக்குப் போதாத உயர, நீள, அகலம் கொண்ட கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. 12-ஆம் பிரிவு, காந்தியைப் பால் துறக்க வைத்த அந்த ஊதலைக் குற்றம் என்கிறது. கோழிக் கூண்டுகள் இந்தச் சட்டத்துக்குப் பொருந்துமா என்று ஆராய்ந்து 2017-ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையைக் கொடுத்தது. பிராம்பெல் குழு கூடுவதற்கு நான்கு ஆண்டு முன்பே இப்படி ஒரு வாசகம் நம் சட்டத்தில் ஏறியது, 1953-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொல்லும்வரை விடாமல் வாதாடிய ருக்மிணி தேவி அருண்டேலால். அடையாற்றின் நடனக் கலைஞர் ஒருவர் நாடாளுமன்றத்தில் மாட்டுக்கும் குரங்குக்கும் எப்படிப் பேசினார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.